கண்ணுக்குத் தெரியாத துளையை அளப்பது எப்படி?



வேலை முடித்து, குளித்து, சாப்பாட்டுக்கு முன் வானொலிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெற்றோர்களுக்கும், வீட்டுப்பாடத்தைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இன்று நான் பேசப்போவது ஓட்டைகளைப் பற்றி. சிரிக்க வேண்டாம். கூரை ஓட்டையும் அல்ல, வாளி ஓட்டையும் அல்ல. கல்லுக்குள்ளும் கரிக்குள்ளும் இருக்கின்ற, எந்தக் கண்ணுக்கும் தெரியாத நுண்துளைகளைப் பற்றி.

இந்தப் பேச்சுக்குக் காரணம் என் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. ஐந்தாம் ஆண்டு. நீரை உறிஞ்சும் பொருள்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் பஞ்சு, செங்கல் துண்டு, சுண்ணக்கட்டி எல்லாம் கொண்டுவந்தார்கள். இவள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "இதற்குள் ஏராளமான துளைகள் இருக்கின்றன, அதனால்தான் வாடையையும் சாயத்தையும் இழுத்துக்கொள்கிறது" என்று விளக்கினேன்.

"எவ்வளவு பெரிய ஓட்டை சார்?" என்று கேட்டாள்.

"ரொம்பச் சின்னது அம்மா" என்றேன்.

"எவ்வளவு சின்னது? யாராச்சும் அளந்து பார்த்தாங்களா? எந்த ரூல் வச்சு அளந்தாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் அறையின் நீளத்தை அளக்கவும் பாத்திரத்தின் கொள்ளளவை அளக்கவும் கற்பிக்கக் கற்றுக்கொண்டேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லாததை மறைக்கத்தான் சிரித்தேன் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கே உறைத்தது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில், இந்தத் துளைகளை அளந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆகிறது, நேயர்களே. நம் வீட்டுச் சவர்க்காரத்துக்கும், மோட்டார் சைக்கிளில் ஊற்றும் பெட்ரோலுக்கும் அந்தக் கணக்கோடு தொடர்பு உண்டு.

வினையூக்கி என்று ஒரு சொல் பாடப்புத்தகத்தில் வரும். இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவதை விரைவாக்கிவிட்டு, தான் செலவாகாமல் ஒதுங்கிக்கொள்ளும் பொருளுக்கு அந்தப் பெயர். கல்யாணத் தரகரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைப்பார். முகூர்த்தம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். (ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் அமிலத்தை வினையூக்கி என்று எண்ணிவிடாதீர்கள். அது பாலோடு கலந்து செலவாகிவிடுகிறது. மறுநாள் மறுபடியும் ஊற்ற வேண்டும்.)

எண்ணெயைக் கெட்டியாக்கும் தொழிலில் நிக்கல் என்னும் உலோகம் இந்தத் தரகர் வேலையைச் செய்கிறது. எண்ணெயையும் ஹைட்ரஜன் வாயுவையும் சூடாக்கிச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது. நிக்கல் இருந்தால்தான் இரண்டும் சேரும். 1902இல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அரைகுறையாகக் கெட்டியாக்கிய கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று பின்னாளில் தெரியவந்தது. அண்டை நாடான சிங்கப்பூர் 2021இல் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஆனால் முழுதும் கெட்டியாக்கும் வேலை நிற்கவில்லை. நம் நாட்டுச் செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலங்களை இவ்வாறு கெட்டியாக்கி, சவர்க்காரத்துக்கும் மெழுகுவத்திக்கும் அனுப்புகிறார்கள். டயர் செய்யும்போது ரப்பரோடு சேர்க்கும் ஸ்டியரிக் அமிலமும் இவ்வகையைச் சேர்ந்ததுதான். நீங்கள் வெட்டிப்போட்ட குலையும் உங்கள் பெற்றோர் சீவிய பாலும் கடைசியில் ஒரே டயரில் சந்திக்கக்கூடும்.

இப்போது துளைக்கு வருவோம். இந்த மாற்றமெல்லாம் நிக்கலின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. உள்ளே புதைந்திருக்கும் உலோகம் சும்மா கிடக்கிறது. எனவே பரப்பு அதிகம் வேண்டும். பிள்ளைகளே, ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கன சதுரம். அதற்கு ஆறு முகங்கள். மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு பக்கத்தையும் பத்தாக வெட்டினால் 1,000 சிறு துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். பொருள் அதேதான், பரப்பு பத்து மடங்கு. ஆனால் பொடியாக்கிக்கொண்டே போனால் எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடாகிவிடும். அதற்கு மாற்று வழிதான் துளை. துண்டு துண்டாகவே இருக்கட்டும். அதன் உள்ளே ஆயிரமாயிரம் சந்துகள் ஓடட்டும். சந்துகளின் சுவர்களில் நிக்கல் படிந்திருக்கட்டும். நல்ல முறையில் பதப்படுத்திய கரியில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஒரு காற்பந்துத் திடல் ஏறக்குறைய 7,000 சதுர மீட்டர். ஏழு கிராம் கரிக்குள், இரண்டு தேக்கரண்டி கரிக்குள், நம் தோட்டத்துத் திடல் மடிந்து கிடக்கிறது.

அப்படியானால் துளை எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அங்கேதான் இடறுகிறது. துளை சிறுத்தால் பரப்பு கூடும். ஆனால் உள்ளே போக வேண்டிய பொருள் போக முடியாது. ஹைட்ரஜன் மிகச் சிறியது, எங்கும் புகும். எண்ணெயின் மூலக்கூறோ மூன்று வால் கொண்டது, 1.5 முதல் 2 நானோமீட்டர் வரை அகலம். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இந்த மூன்று வால்காரன் குறுகிய சந்துக்குள் எப்படியோ நுழைந்துவிட்டால் வெளியே வரத் தாமதமாகும். அதற்குள் ஹைட்ரஜன் மேலும் மேலும் ஏறி, வேண்டிய அளவுக்கு மேல் கெட்டியாகிவிடுவான். சந்து மிகவும் அகலமாக இருந்தாலோ பரப்பு குறைந்து நிக்கல் வீண். ஆக, தொழிற்சாலைக்காரருக்குத் துளையின் அளவு தெரிந்தே ஆக வேண்டும். "ரொம்பச் சின்னது" என்றால் அவர் கேட்கமாட்டார். அந்தச் சிறுமியைப் போலத்தான் அவரும்.

சரி, அளப்பது எப்படி? ரூல் உள்ளே போகாது. எனவே, உள்ளே போகக்கூடிய எதையாவது அனுப்பி, அது எவ்வளவு போயிற்று, எந்தச் சிரமத்தோடு போயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

எளிய வழி தண்ணீர். காய்ந்த துண்டை நிறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். துளையிலுள்ள காற்று வெளியேறும். ஆறிய பின் எடுத்து, ஈரத்துணியால் மேற்புறத்தை மட்டும் ஒற்றி, மறுபடியும் நிறுங்கள். கூடிய எடை, துளைக்குள் போன தண்ணீரின் எடை. ஒரு கிராம் கூடியிருந்தால் ஒரு கன சென்டிமீட்டர் துளை. இது ஆய்வுக்கூடங்களிலும் செய்யும் முறைதான். ஆனால் இது மொத்த இடத்தைச் சொல்லுமே தவிர, ஒரு பெரிய குகையா, ஓராயிரம் சந்தா என்று சொல்லாது.

இரண்டாவது வழி பாதரசம். நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் ஐயாவின் கை தவறி, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. வெள்ளி முத்துகளாகப் பாதரசம் ஓடியது. அந்தத் தரையில் தண்ணீர் சிந்தினால் உடனே உறிஞ்சிக்கொள்ளும். பாதரசமோ உருண்டுகொண்டே இருந்தது. நாங்கள் விரலால் தொட்டு விளையாடினோம். அது நஞ்சு, அதன் ஆவியும் நஞ்சு. பெற்றோர் எவரும் பிள்ளைகளைத் தொடவிடக்கூடாது. நான் சொல்ல வந்தது, பாதரசம் தானாகத் துளைக்குள் இறங்காது என்பதைத்தான். அதைத் தள்ள வேண்டும். துளை சிறுத்தால் கூடுதலாகத் தள்ள வேண்டும்.

இந்தத் தள்ளும் கணக்கைத் துளையை அளக்கப் பயன்படுத்தலாம் என்று 1921இல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு வாஷ்பர்ன் எடுத்துக்காட்டினார். 1945இல் ரிட்டர், டிரேக் என்ற இருவர் அதற்கான கருவியைச் செய்து, வினையூக்கிகளை அளந்தார்கள். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் சாதாரண அழுத்தத்தில் பாதரசம் 15,000 நானோமீட்டரைவிட அகலமான துளைக்குள்தான் புகும். பத்து நானோமீட்டர் துளைக்குள் புகுத்த வேண்டுமானால் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1,450 மடங்கு அழுத்த வேண்டும். கார் டயரில் அடிக்கும் காற்று இரண்டு மடங்கு கூடுதல், அவ்வளவுதான், ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தத்தை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு பாதரசம் உள்ளே போயிற்று என்று குறித்தால், எந்த அகலத்துத் துளை எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் வந்துவிடும். மூன்று நான்கு நானோமீட்டருக்குக் கீழே இந்த முறை எட்டாது.

மூன்றாவது வழி நைட்ரஜன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இதுவே. துண்டைச் சூடாக்கி, வெற்றிடத்தில் வைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தையெல்லாம் போக்குவார்கள். பிறகு சுழியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில் வைத்து, நைட்ரஜன் வாயுவைச் சிறிது சிறிதாக விடுவார்கள். முதலில் அது துளையின் சுவரில் ஓர் அடுக்காக ஒட்டிக்கொள்ளும், அணியணியாகச் சுவரோரம் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப் போல. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரியும், 0.162 சதுர நானோமீட்டர். எத்தனை மூலக்கூறு நின்றது என்று எண்ணிவிட்டால் சுவரின் பரப்பு கிடைத்துவிடும். 1938இல் புருனாவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் இந்தக் கணக்கை வகுத்தார்கள். (இந்த எட்வர்டு டெல்லர்தான் பின்னாளில் ஹைட்ரஜன் குண்டுக்காகப் பேர்பெற்றவர். சுவரில் வாயுவை எண்ணுவதோடு நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.)

வாயுவை மேலும் விட்டால் சிறிய துளைகளில் அது திரவமாகித் தங்கும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு சீக்கிரம் தங்கும். திறந்த பாத்திரத்தில் திரவமாக வேண்டிய அழுத்தத்தில் 80 விழுக்காடு வந்தாலே பத்து நானோமீட்டர் துளை நிரம்பிவிடும். திரும்ப அழுத்தத்தைக் குறைத்தால் அகலமான துளைகள் முதலில் காலியாகும், குறுகலானவை பிறகு. நிரம்பியதையும் காலியானதையும் படிப்படியாகக் குறித்துத் துளைகளின் அளவைக் கணக்கிடும் முறையை 1951இல் பாரெட், ஜாய்னர், ஹலெண்டா ஆகியோர் தந்தார்கள்.

பரப்பும் கொள்ளளவும் தெரிந்தால் சராசரித் துளையை ஆறாம் ஆண்டு மாணவனே சொல்லிவிடலாம். ஒரு கிராம் வினையூக்கிக்குள் 0.5 கன சென்டிமீட்டர் இடம். சுவர்ப் பரப்பு 200 சதுர மீட்டர். கொள்ளளவை நான்கால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் விட்டம். அலகுகளைச் சரியாக மாற்றிப் போட்டால் பத்து நானோமீட்டர் வரும். எந்த ரூலும் தொடாத ஓட்டையின் அளவு!

ஆனால் நேயர்களே, அந்த 'நான்கு' எங்கிருந்து வந்தது? துளை உருண்டையான நேர்க்குழாய் என்று வைத்துக்கொண்டால்தான் நான்கு. உண்மையில் கல்லுக்குள் அப்படி யாரும் குழாய் பதித்து வைக்கவில்லை. வளைவு, முடுக்கு, பிளவு, பள்ளம் எல்லாம் இருக்கும். நாம் 'குழாய் என்று வைத்துக்கொள்வோம்' என்று சொல்லிவிட்டுத்தான் கணக்கையே தொடங்குகிறோம்.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா பால்மரம் சீவியவர். பகலில் பால் கொட்டகையில் வாளியை இறக்கி வைத்ததும் கிராணி அதை நிறுப்பார். பிறகு கொஞ்சம் பாலெடுத்து, தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் குழாயை விடுவார். அது எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்து, 'இதில் இவ்வளவு ரப்பர்' என்று ஓர் எண்ணைச் சொல்லுவார். மாத முடிவில் கைக்கு வரும் வெள்ளி அந்த எண்ணைப் பொறுத்தது. ஒருநாள் அம்மாவுக்கு எண் குறைந்து வந்தது. "அந்தக் கண்ணாடிக்கு என்ன தெரியும்?" என்று வீட்டுக்கு வந்து கோபப்பட்டார். அப்போது அது வெறும் கோபம் என்று நினைத்தேன். இப்போது அது நல்ல விஞ்ஞானக் கேள்வி என்று தெரிகிறது. மெட்ரோலாக் ரப்பரை அளப்பதே இல்லை. பால் எவ்வளவு அடர்த்தி என்பதைத்தான் அளக்கிறது. அடர்த்தி இவ்வளவு என்றால் ரப்பர் இவ்வளவு இருக்கும் என்பது, நல்ல நாளில் நல்ல பாலை வைத்து எவரோ முன்பே போட்டு வைத்த கணக்கு. பாலின் தன்மை மாறினால் அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு கரண்டிப் பாலை உறைய வைத்து, அழுத்தி, காயவைத்து, நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமாகும். அதனால் மிதவையை நம்பினார்கள்.

பாதரசக் கருவியும் அப்படியே. அது துளையை அளப்பதில்லை. அழுத்தத்தையும் உள்ளே போன பாதரசத்தையும் அளக்கிறது. கழுத்து குறுகி வயிறு பருத்த கூஜாவை எண்ணிக்கொள்ளுங்கள். வினையூக்கிக்குள் இப்படிப்பட்ட கூஜாக்கள் நிறைய உண்டு. பாதரசம் கழுத்தைத் தாண்டும் வரைக்கும்தான் சிரமம். தாண்டியதும் பருத்த வயிறு முழுதும் ஒரே மூச்சில் நிரம்பிவிடும். கருவி என்ன எழுதும்? 'பத்து நானோமீட்டர் துளைகள் ஏராளம்' என்று எழுதும். கழுத்துதான் பத்து, வயிறு ஐம்பதாகவும் இருக்கலாம். வாசற்படியின் அகலத்தைப் பார்த்து, வீடு முழுதும் அவ்வளவுதான் என்று சொல்லுவது போல. நைட்ரஜனை விட்டு நிரப்பும்போது வயிற்றின் அளவு ஓரளவு தெரியவரும். காலி செய்யும்போது மறுபடியும் கழுத்தே குறுக்கே நிற்கும். அதனால்தான் நிரம்பும் கோடும் காலியாகும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. ஒரே கல்லுக்கு இரண்டு கருவியும் இரண்டு எண் சொன்னால், ஒன்று பொய் என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. எண்ணெய் மூலக்கூறு உள்ளே நுழையுமா என்று கேட்பவருக்குக் கழுத்து முக்கியம். உள்ளே எவ்வளவு இடம் என்று கேட்பவருக்கு வயிறு முக்கியம்.

இரண்டு நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளை நுண்துளை வகையிலேயே மிகச் சிறியவை என்று 1985இல் உலக வேதியியல் அமைப்பு வகுத்தது. 2 முதல் 50 வரை நடுத்தரம். 50க்கு மேல் பெரியவை. மிகச் சிறியவற்றில் குழாய்க் கணக்கெல்லாம் தடுமாறும். அங்கே சல்லடை முறை கைகொடுக்கும். ஜியோலைட்டு என்று ஒரு வகைக் கல் உண்டு. 1756இல் சுவீடன் நாட்டு குரோன்ஸ்டெட், சூடாக்கினால் கொதிப்பதுபோல் நுரைக்கிறதே என்று 'கொதிக்கும் கல்' என்னும் பொருளில் அந்தப் பெயரை வைத்தார். நுரைத்தது துளைகளிலிருந்த நீர். இதன் துளைகள் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவு. ஒரு வகையில் நேரான சங்கிலி போன்ற எண்ணெய் மூலக்கூறு நுழையும். கிளைவிட்ட மூலக்கூறு நுழையாது. யார் உள்ளே போனார், யார் வாசலில் நின்றார் என்று பார்த்தாலே துளை அரை நானோமீட்டர் என்று தெரிந்துவிடும். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனவர்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய ஆலைகளில் கனத்த எண்ணெயை உடைத்துப் பெட்ரோலாக்க, 1960களிலிருந்து உலகெங்கும் ஜியோலைட்டுத்தான் பயன்படுகிறது. வேலை செய்யச் செய்யத் துளைகளில் கரி அடைத்துக்கொள்ளும். அதை எரித்துத் துப்புரவாக்கி மறுபடியும் வேலைக்கு அனுப்புவார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இதெல்லாம் நமக்கு எதற்கு வாத்தியாரே என்று என்னிடம் நேரில் கேட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அன்று வகுப்பில் சிரித்தபோது நானும் அதையே வேறு விதமாகச் சொன்னேன். வீட்டில் பிள்ளை 'எவ்வளவு?' என்று கேட்டால், 'ரொம்ப' என்றோ 'கொஞ்சம்' என்றோ சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தெரியாவிட்டால், தெரியாது, நாளைக்கு உன் வாத்தியாரைக் கேள் என்று சொல்லுங்கள். எங்களுக்கும் தெரியாவிட்டால் தேடிப் படிக்கிறோம்.

மறு வாரம் அந்தச் சிறுமியை முன்னால் அழைத்து, "உன் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை" என்று வகுப்பின் முன் சொன்னேன். பிறகு எல்லோருமாகச் செங்கல் துண்டை நிறுத்தோம். காய்ந்தபோது 60 கிராம். கொதிக்க வைத்து ஆற்றி ஒற்றிய பின் 69 கிராம். ஒன்பது கன சென்டிமீட்டர் துளை என்று பிள்ளைகள் கூவினார்கள். விட்டம் கண்டுபிடிக்கச் சுவர்ப் பரப்பு வேண்டும். அதற்கு நைட்ரஜன் குளிர் வேண்டும். எங்கள் பள்ளியில் ஐஸ் பெட்டிதான் இருக்கிறது. ஆகவே பாதிக் கணக்கு கரும்பலகையின் ஓரத்தில் நிற்கிறது. பரப்பு என்ற இடத்தில் அவளே ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறாள். பக்கத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.